உடன் நிற்பவர்

அறுபது நிறையும் நாளில் கப்பலிலேயே மணிவிழா நடத்தி, நடுக்கடலில் மனைவிக்கு மறுபடியும் தாலி கட்டப்போவதாகத் தயாளன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். விபத்தில் இரு கால்களும் செயலிழந்த திலகவதியும் அதை நம்பித்தான் சக்கர நாற்காலியில் பயண அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

"சாய்தளம், அகலமான கதவு எல்லாம் இருக்கு மேடம். துணைவர் மட்டும் இந்த ரேகைக் கருவியில விரல் வச்சிடணும்," என்றாள் பதிவுப் பெண்.

"எதுக்கு?" என்றார் தயாளன்.

"ஏதாவது ஆபத்துன்னா, மேடம் உயிர்காப்புப் படகுல ஏறின பிறகுதான் சார் உங்க ரேகைக்குப் படகுக் கதவு திறக்கும்."

நீட்டிய விரலை அவர் மடக்கிக்கொண்டதைத் திலகவதி பார்த்தாள்.

"ஏன், கை சுடுதா?"

"யோசிக்க வேணாமாடி? தூக்கிவிட கப்பல்ல ஆளுங்க இருக்காங்கல்ல?"

"அக்கினியச் சுத்தினப்ப யோசிச்சீங்களா?"

"அப்ப நீ நடந்தே."

பதிவுப் பெண் சட்டெனக் கணினித் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு, எப்படியாவது பேச்சை மாற்றிவிடும் அவசரத்தில், "வீட்டுல ஆளைத் தூக்கிட்டு நடக்குற மெஷின் இருந்தா, அதையே துணைவராப் பதியலாம் சார். நிறையப் பேர் அப்படித்தான் செய்றாங்க," என்றாள்.

தயாளனுக்குப் போன உயிர் திரும்பியது. "பாத்தியா! தினமும் உன்னைத் தூக்கி உட்கார வைக்கிறதும் அதுதானே!"

"ஆமா, அதுதான்," என்ற திலகவதி பதிவுப் பெண்ணிடம் திரும்பினாள். "ரெண்டு டிக்கெட் போடும்மா. எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு."

"அப்ப நான்?"

"நீங்க கரையிலேயே இருங்க. பத்திரமா இருப்பீங்க."