தமுக்குச் சத்தம்

ஊருக்குள் தமுக்குச் சத்தம் கேட்டதும் மாசிலாமணி வெட்டரிவாளோடு தோட்டத்துக்குள் பாய்ந்தார். போன மாதம் இதே தமுக்கை அடித்துத்தான், பண்ணையாருக்குத் தரவேண்டிய குத்தகைப் பாக்கிக்காக வாழைகளை ஜப்தி செய்து, அவரையும் குத்தகைத் தோட்டத்தை விட்டுக் கிளப்பப்போவதாகக் கோர்ட்டு அமீனா சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"கிளப்ப வந்துட்டானுவ. ஒரு வாழைத்தார்கூட அவனுக்குக் கிடைக்காது!"

குலை தள்ளிய முதல் வாழை ஒரே வெட்டில் சரிந்தது. மனைவி சாலோமி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. மருமவன் வக்கீலைப் பாக்கப் போயிருக்காருல்லா?"

"வக்கீலாம் வக்கீலு! கைநாட்டு வாங்குன எவன் நமக்கு நல்லது செஞ்சான்?"

உதறியதில் அவள் நெற்றி வரப்புக் கல்லில் மோதிப் பிளந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தமுக்கு தெருத்தெருவாக நின்று வருவதற்குள் அறுபது வாழையும் தரையில் கிடந்தன.

தோட்டத்துக்குள் கால் வைத்த தமுக்குக்காரன் மீதும் அரிவாள் பாய்ந்தது. தமுக்கின் தோல் கிழிந்தது. அவன் மணிக்கட்டிலிருந்து ரத்தம் பீறிட்டது.

"கோட்டி பிடிச்சிருக்கா வே உமக்கு?" பின்னால் வந்த அமீனா கத்தினான். "அப்பீல் முடியிற வரைக்கும் உம்மைக் கிளப்பக் கூடாது, ஜப்தியும் கூடாதுன்னு கோர்ட்டுல தடை போட்டாச்சு. அதைச் சொல்லத்தான் வே வந்தோம்!"

மாசிலாமணியின் கையிலிருந்து அரிவாள் நழுவியது.

அமீனா தன் துண்டால் தமுக்குக்காரன் கையைக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"அந்தத் தடை உத்தரவுல இன்னொண்ணும் எழுதியிருக்கு. அதுவரைக்கும் இந்தத் தோட்டத்துல ஒரு வாழையைக்கூட எவனும் வெட்டக் கூடாதாம். வெட்டுனா ஜெயிலாம்."