ஜன்னலோரத்து மெஷின்

அறைக்குச் சூடும் குளிரும் தரும் மெஷின் ஒன்றைத் துபாயிலிருந்து மகன் அனுப்பியிருந்தான். அதைப் பூட்டிப் பொருத்த பதுளை மெக்கானிக் இத்ரூஸ், எல்ல ஊரில் இருந்த சிவலிங்கத்தின் பலகை வீட்டுக்கு வந்திருந்தார்.

“வெளிப்பெட்டியைக் சமைக்கிற குசினிக்குப் பின்னால வைப்போம் ஐயா. அது இரையும்.”

“வேணாம் தம்பி. படுக்கிற அறை ஜன்னலை ஒட்டியே வைங்க.”

“அம்மா எப்படித் தூங்குவாங்க?”

“அவளுக்காகத்தான் சொல்றேன்.”

இத்ரூஸ் குரலைத் தாழ்த்தினார். “அம்மாவுக்குக் காது கேக்காதா?”

“நல்லாவே கேக்கும்.”

என்ன மனுஷன் இவர் என்று மனசுக்குள் கடிந்துகொண்டே இத்ரூஸ் பெட்டியை ஜன்னலை ஒட்டிப் பூட்டினார். கட்டிலில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த சிவலிங்கத்தின் மனைவி மரகதத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மத்தியானம் மெஷின் ஓடத் தொடங்கியது. ஜன்னலே அதிர்ந்தது. சற்று நேரத்தில் மரகதம் அப்படியே சாய்ந்து உறங்கிப்போனார்.

சிவலிங்கம் கம்பளியைப் போர்த்திவிட்டார்.

“நான் தேயிலை பேக்டரியில டீமேக்கரா இருந்தவன் தம்பி. முப்பது வருஷம் பேக்டரியை ஒட்டின குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். மெஷின் சத்தம் கேட்டாத்தான் நான் பத்திரமா வேலையில இருக்கேன்னு நிம்மதியாத் தூங்குவா. வேலையை விட்டு இங்க வந்ததுல இருந்து, இந்த அமைதியில அவ ஒழுங்காத் தூங்கவே இல்ல.”

இத்ரூஸ் ஸ்பேனர்களை ஓசைப்படாமல் பைக்குள் வைத்தார்.

“சத்தமாவே போடுங்க தம்பி,” என்றார் சிவலிங்கம்.