நெய்ச்சோத்துல ஒரு கோடு

லப்பைக்குடிக்காட்டு கல்யாண வூட்ல ஒரே பெரிய தட்டுல நாலு நாலு பேரா உக்காந்து நெய்ச்சோறு சாப்பிடுறாங்க. நஃபீசா மட்டும் சோத்துல விரலால கோடு கிழிச்சு, கையை வரப்பு மாதிரி வச்சிக்கிட்டிருக்கா. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவ பையன் ஆசிப்புக்கு. அம்மா கை தவிர வேற கை பட்டா ஆறு வயசுப் பய தொடவே மாட்டான். காலையிலேருந்து வெறும் வயிறு. முட்டி ஓயாம ஆடுது, இடது கை காதைப் பொத்தியிருக்கு, இப்பத்தான் ரெண்டு வாய் உள்ள போயிருக்கு. எதிர்ல அவ அக்கா பாசம் தாங்காம, நல்ல கறித்துண்டா பார்த்து அவன் பக்கம் வைக்கிறா. "தின்னுடா ராசா!" அவ்ளோதான், காதுல அறைஞ்சிக்கிட்டு வீல்னு கத்துறான். பந்தியே திரும்பிப் பாக்குது. "செல்லம் குடுத்தே கெடுத்துட்டடி"ங்குறா அக்கா. "ஆஸ்பெர்ஜர், ஏடிஹெச்டின்னு டாக்டர் சொன்னதைச் சொன்னேன்ல லாத்தா." சொல்லிச் சொல்லியே நஃபீசாவுக்கு வாய் ஓஞ்சு போச்சு. கறி பட்ட சோத்தைத் தன் பக்கம் வழிச்சிட்டு, ஓரமா வேற கோடு கிழிச்சுக் காத்திருக்கா. கத்தல் தேம்பலாகி, சின்னக் கை மெதுவா சோத்துக்கு வருது. "எத்தனை நாளைக்குடி இப்படி?" நஃபீசா அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கல. "சத்தம் போடாதீங்க லாத்தா, சாப்பிடுறான்."