ஒப்பீட்டுத் தெரு

ஜன்னலைத் திறந்தே பல வருடமான அந்த ஊரில், அனல்மின் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வடக்குத் தெருவுக்கு மட்டும் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின்களைக் கொடுத்திருந்தது. பயன் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க, மெஷின் இல்லாத தெரு ஒன்றும் வேண்டும் என்பது விதி. அது தெற்குத் தெரு. இரண்டு தெருக் குழந்தைகளின் மூச்சையும் மாதாமாதம் அளப்பது ஆய்வாளர் தமயந்தியின் வேலை.

இந்த மாதம் தெற்குத் தெருப் பிள்ளைகளின் மூச்சும் தெளிவாக இருந்தது. தமயந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெற்குத் தெரு மெர்சியின் வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, உங்க பொண்ணு ஷைனிக்கு இருமல் எப்படி நின்னுச்சு?"

மெர்சி சிரித்தாள். "வடக்குத் தெரு கன்னிகா வூட்லதான் தூங்குறா மேடம். எங்க தெரு பசங்க எல்லாத்தையும் அந்தத் தெருக்காரங்க கூப்ட்டுக்கினாங்க."

"ஐயோ! வித்தியாசம் தெரியலைன்னா, மெஷினால பிரயோஜனம் இல்லைன்னு எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"உண்மைய எழுதிடுங்க."

"எழுதினா ஆய்வே செல்லாது. அப்பவும் எடுத்துடுவாங்க."

"வித்தியாசம் தெரிஞ்சா?"

"வடக்குத் தெருவுக்கு மெஷின் நிரந்தரமாயிடும். பிறகு உங்களுக்கும் தரலாம்."

அன்று மாலையே தெற்குத் தெருத் தாய்மார்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வந்தார்கள். கன்னிகா அழுதபடி வாசலை மறித்தும் மெர்சி நிற்கவில்லை.

அடுத்த மாதம் தமயந்தி கருவியை நீட்டினாள். ஷைனி ஊத முடியாமல் இருமினாள், மறுபடியும் இருமினாள்.

மகளின் முதுகைத் தடவிக்கொண்டே மெர்சி கேட்டாள், "இவ்ளோ வித்தியாசம் போதுமா மேடம்?"