வள்ளப்பலகைக் கீபோர்ட்

“ஜெஸீம், உனக்கு விசர் முத்திப்போச்சு!”

மார்த்தா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வலன்ரைன் எட்டிப் பார்த்தார்.

மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் மார்த்தாவின் கடை. மனு, விண்ணப்பம், கல்யாணக் காட் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுப்பாள். கொம்பியூட்டர்களைத் திருத்த வைத்திருக்கும் ஆள் ஜெஸீம். ஒரு கிழமையாக அவன் ஒன்றையும் திருத்தவில்லை. உடைந்த வள்ளத்தின் பலகையை அறுத்து, துளை போட்டு, வயர் ஒட்டி, சொந்தமாக ஒரு கீபோர்ட் கட்டினான்.

இன்று காலையில்தான் முடிந்தது. அமத்தினால் டக். விட்டால் டிக்.

“ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன், அக்கா.”

மார்த்தா ‘மகன்’ என்று அடித்தாள். திரையில் ‘னதமய’ என்று விழுந்தது.

“யேசுவே! இது எந்த நாட்டுப் பாஷை?”

“கையைப் பாக்காமல் அடிச்சா அப்பிடித்தான். கட்டையில இருக்கிற எழுத்தைப் பாருங்கோ.”

பார்த்தாள். இடது கைக்கு ய, ள, ன, க வரவேண்டிய இடத்தில் வலது கை எழுத்துகள் வந்து குந்தியிருந்தன. எல்லா வரியும் அப்படியே. கடைசி எழுத்து முதலில், முதல் எழுத்து கடைசியில்.

வலன்ரைன் கை துடைத்துவிட்டு வந்து தன் பெயரை அடித்தார். வந்ததை வாசிக்க முயன்று நாக்குப் பிரண்டது. சிரித்த சிரிப்பில் கதிரையோடு சரிந்தார்.

“இதை வேளாங்கண்ணி மாதாவே வந்தாலும் வாசிக்க மாட்டா, தம்பி!”

“மாத்திறதெண்டால் கொம்பியூட்டருக்குள்ளயே மாத்தலாம்தானே? பலகை என்னத்துக்கு?” என்றாள் மார்த்தா.

“மாத்தலாம். ஆனா கட்டையில எழுத்து பழைய இடத்திலதானே நிக்கும். பாக்கிற ஆளுக்கும் சரியா இருக்கவேணும்.”

“ஆரடா பாக்கப்போறது? போன கிழமை நான் சாப்பிடப் போன நேரம் பழக வந்த பிள்ளை ஒண்டு அழுதுகொண்டு போச்சுதாம். அதுக்கு என்னெண்டு கேக்க உனக்கு நேரமில்லை. இந்தக் கடையில ஒழுங்கான கீபோர்ட் மூண்டு இருக்கு. இந்த விசர்ப் பெட்டியைத் தூக்கி உள்ள வை. வேலை கேட்டுப் பிள்ளை ஒண்டு வாற நேரம்.”

அவன் தூக்கவில்லை. நடுக் கொம்பியூட்டரில் செருகிவிட்டு, பிள்ளைப்பூச்சி போல நின்றான்.

வாசலில் செருப்புச் சத்தம். எருக்கலம்பிட்டி ஜமால்தீன் மௌலவி. பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். பின்னால் மகள் றிப்கா, முகம் வெளிறிப்போய்.

“மகள் நல்லா அடிப்பா, மார்த்தா. பாருங்கோவன்.”

“இருங்கோ மௌலவி. பிழையில்லாமல் அடிச்சால்தான் வேலை. பிறகு குறை நினைக்கக்கூடாது.”

றிப்கா நேரே போய் நடுக் கதிரையில் இருந்தாள்.

“ஐயோ, அதில வேண்டாம் பிள்ளை! அது...”

சொல்லி முடியவில்லை. டக்டிக் டக்டிக் டக்டிக். தகரக் கூரையில் மாரி மழை கொட்டியது போல இருந்தது. காணி மனு ஒன்றைப் பார்த்து ஒரு பக்கம் அடித்து முடித்தாள். மார்த்தா கண்ணாடியைப் போட்டுத் தேடினாள். பிழை இல்லை.

வலன்ரைன் கை தட்டினார். மார்த்தா பலகையைக் குனிந்து பார்த்தாள்.

“இந்தப் பெட்டியில எப்பிடி அடிச்சனி?”

பதிலை மௌலவி சொன்னார். வாயெல்லாம் பல்.

“கொம்பியூட்டர் வாங்கிக் குடுக்க என்னால ஏலாமப் போச்சு. பள்ளிவாசல் கந்தோரில ஒண்டு இருக்கு. எழுத்தெல்லாம் ஒட்டின கீபோர்ட். அதுக்கு முன்னால நிண்டு போனில வரி வரியா வாசிச்சன். மகள் வீட்டில அட்டையில கீறினா. ஒரு வருசம் அந்த அட்டையிலதான் விரலை ஓட்டிப் பழகினா. அச்சா அதே மாதிரி இருக்கு இது!”

“எந்தப் பக்கத்தில இருந்து வாசிச்சீங்கள், மௌலவி?” என்றாள் மார்த்தா.

“இதென்ன கேள்வி? முப்பது வருசமா அரபு ஓதிக் குடுக்கிறன். வலப்பக்கத்தில இருந்துதான்!”

மார்த்தா வாய் திறந்தாள்.

மௌலவிக்குப் பின்னால் றிப்கா, கண் கலங்க, தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் ஜெஸீம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

போன கிழமை அழுதுகொண்டு போன பிள்ளை ஆர் என்று மார்த்தாவுக்கு விளங்கியது. வாயை மூடினாள்.

“நான் பிள்ளைக்குக் குடுத்த சீதனம் இது ஒண்டுதான், அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் மௌலவி. “மகள், மற்றதிலயும் ஒருக்கா அடிச்சுக் காட்டு, பாப்பம்!”

பக்கத்துக் கொம்பியூட்டர்ப் பக்கம் குனிந்தார்.

மார்த்தா பாய்ந்துபோய் அதன் கீபோர்ட்டுக்கு மேல் பேப்பரை விரித்தாள்.

“அதுகள் எல்லாம் பிழை, மௌலவி. இந்தக் கடையில ஒழுங்கான கீபோர்ட் இது ஒண்டுதான்.”