கம்பளிநூல் கடை நிறுத்தம்

எங்கள் வேல்ஸ் ஊரின் மேட்டுத்தெரு அவ்வளவு செங்குத்து. மேல்வீட்டுக் கோழி இடும் முட்டை உருண்டுபோய் அடுத்த ஊரில்தான் குஞ்சு பொரிக்கும். நுரையீரலில் நிலக்கரிச் சுரங்கத் தூசியோடு நானும் என் பழைய சுரங்கத் தோழன் கெத்தினும் தினமும் இதில் ஏறித்தான் மதுக்கடைக்குப் போகிறோம். பாதி மேட்டில் மூச்சு தீரும்போது, அது எவருக்கும் தெரியாதிருக்க, நெஸ்டாவின் கம்பளிநூல் கடைக் கண்ணாடி முன் நின்று, ரோஜா நிறம் அழகா நீலம் அழகா என்று சண்டை போடுவோம். இரண்டு பேர் நின்றால் அரட்டை என்றுதான் ஊர் நினைக்கும். இன்று நான் தனியாக நிற்கிறேன். கண்ணாடியில் தூறல் வழிகிறது. என் நெஞ்சு எண்ணெய் காணாத கதவைப்போல் கீச்சிடுகிறது. முதுகுக்குப் பின்னால் மெல்லிய இரைச்சல்; திரும்பினால், முதியவர்கள் உட்கார்ந்து ஓட்டும் புத்தம்புது மின்சார வண்டியில் கெத்தின் மேடேறுகிறான். "டேய்... நில்லுடா!" என்கிறேன். "மேட்டுல நிறுத்தக் கூடாதுன்னு எம்பொண்ணு சொல்லியிருக்காடா! நீ நூலைப் பாத்துக்கிட்டே இரு, ஸ்வெட்டர் முளைக்கும்!" வண்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைகிறது. நான் ரோஜா நிற நூலையே உற்றுப் பார்க்கிறேன். கடைக் கதவு திறக்கிறது. "இன்னைக்காவது வாங்குவீங்களா, பெரிசுங்களா?" என்று தினமும் சீண்டும் நெஸ்டா, இன்று ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் அருகில் போடுகிறாள்.