சுவரில் ஏறாத சட்டை

"கைய எடு மாப்ளே! என் துப்பாக்கி மேல உன் நிழல்கூட விழக் கூடாது!"

ஹார்லன் போட்ட சத்தத்தில் எம்மெட் கையிலிருந்த விறகைக் கீழே போட்டான்.

"விறகு எடுக்கத்தான் வந்தேன் மாமா."

"போன வருஷமும் விறகுதான் எடுத்தே. காட்டுல என் துப்பாக்கி புஸ்ஸுன்னு போச்சு. அதுக்கு முந்தின வருஷமும் புஸ்ஸு. மான் நின்னு என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டுப் போச்சு. எவனோ என் குழல்ல கை வைக்கிறான். அது எவன்னு எனக்குத் தெரியும்."

அக்கா புருஷன் என்ற ஒரே காரணத்துக்காக எம்மெட் குனிந்து விறகைப் பொறுக்கினான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பென்சில்வேனியா மலையில் சிக்கிமுக்கித் துப்பாக்கி வேட்டை தொடங்கிவிடும். குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்து, கல் உரசிப் பொறி தட்டினால்தான் வெடிக்கும். பனியிலும் ஈரத்திலும் பாதி வெடிக்காது. ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு போவதில் அந்த ஆட்களுக்கு ஒரு பெருமை.

மான் மீது குறி தப்பினவனின் சட்டைப் பின்பக்கத்தைக் கத்தரித்து, பேர் எழுதி, வேட்டைக்காரர்கள் தங்கும் குடிலின் சுவரில் ஆணியடிப்பார்கள். துப்பாக்கி வெடிக்கவே இல்லையென்றால் சட்டைக்குச் சேதமில்லை. எம்மெட்டின் துணிகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை தேறும். ஹார்லனுடையது ஒரு நூல்கூட அந்தச் சுவரில் கிடையாது. அதைச் சொல்லிக்காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"பெருமாள் கோயில் தேர் மாதிரில்ல அந்தக் குழலை ஜோடிக்கிறார்" என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் நேற்று மாலை அவர் செய்தது அதுதான். எல்லாரையும் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, கோலின் நுனியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு விட்டு எடுத்தார். கடைசித் துணியை எம்மெட்டின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"பாத்துக்கோ. வருஷம் பூரா துரு பிடிக்காம இருக்க எண்ணெய் போடணும். வேட்டைக்கு முன்னாடி ஒரு சொட்டு மிச்சமில்லாம தொடைக்கணும். எண்ணெய் பட்ட மருந்து வெடிக்காது. உன் மரமண்டைக்கு ஏறுதா?"

குடிலுக்குத் தலைவன் பர்னெல் அப்போதே சொல்லிவிட்டான். "எம்மெட், இந்தத் தடவையும் ஹார்லன் துப்பாக்கி வெடிக்கலைன்னா நீ மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்தவன் துப்பாக்கியில கை வைக்கிறவனுக்கு இங்க கட்டில் கிடையாது."

எம்மெட்டின் அப்பா தன் கையால் கூரை போட்ட குடில் அது.

காலையில் கோதுமை அப்பமும் தொத்திறைச்சியும் தின்று முடித்து ஹார்லன் கொல்லைப் பக்கம் ஒதுங்கினார். பர்னெல் வண்டியைச் சூடேற்றப் போனான். எம்மெட்டுக்கு மனசு கேட்கவில்லை. கோலை எடுத்து ஒரு துணியைச் சுற்றி ஹார்லனின் குழலுக்குள் விட்டான்.

துணி எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

நேற்று எல்லார் கண் முன்னாலும் துடைத்த குழல்! எந்தப் படுபாவியோ தன்னை மாட்டிவிடப் பார்க்கிறான். சொன்னால் எவன் நம்புவான்? நீதான் ஊற்றினாய் என்பார்கள்.

மளமளவென்று துணி மாற்றி மாற்றித் துடைத்தான். பொறி போகும் ஓட்டையைக் கோழி இறகால் குத்திச் சுத்தம் செய்தான். கடைசித் துணி வெள்ளை வெளேரென்று வந்தது. எல்லாத் துணியையும் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக விறகு அடுக்கினான்.

காட்டில் ஹார்லன் மருந்து கொட்டி, குண்டு வைத்து, கோலால் இடித்துக் கெட்டித்தார். வெகுநேரம் காத்திருந்த பிறகு ஒரு கொழுத்த கொம்பு மான் ஓடையோரம் வந்து நின்றது. கல்லெறிந்தால் படும் தூரம்.

"ஹார்லன், உன்னோடது. சுடு!" என்று பர்னெல் கிசுகிசுத்தான்.

ஹார்லன் பதறவே இல்லை. கல்யாணப் படத்துக்கு நிற்கிற மாதிரி நிதானமாகத் துப்பாக்கியைத் தூக்கினார். "இவன் புண்ணியத்துல இன்னைக்கும் வெடிக்கப் போறதில்ல, பாரு" என்று எம்மெட்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டே விசையை இழுத்தார்.

டமார்!

மலையே அதிர்ந்தது. புகை விலகியபோது மான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதற்கு வெகுதூரம் இடப்பக்கம் ஒரு கிழட்டு மரத்தின் பட்டை பிய்ந்து தொங்கியது. மான் அந்த மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆடி அசைந்து நடந்து போனது.

எம்மெட்டுக்குத்தான் உயிர் வந்தது. ஹார்லன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

குடிலில் பர்னெல் கத்தரியோடு காத்திருந்தான். ஹார்லன் முதுகைக் காட்டினார். துணி சுவரில் ஏறியது.

"துப்பாக்கி அம்சமா வெடிச்சுது ஹார்லன். எம்மெட் மேல வீண் பழி போட்டுட்டோம். மன்னிப்புக் கேளு" என்றான் பர்னெல்.

ஹார்லன் எழுந்து வந்து எம்மெட்டைக் கட்டிப்பிடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டுகிற சத்தத்துக்குள் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எம்மெட்டின் காதில் சொன்னார்:

"எவன்டா தொடைச்சான்? எனக்கு மானும் மரமும் ஒண்ணாத்தான்டா தெரியுது! அதுக்குத்தானே வருஷா வருஷம் நானே எண்ணெய் ஊத்தி வைக்கிறேன்!"